தென்காசிக்குக் கொண்டுபோன பஸ்ஸர்

வியாழக்கிழமை காலை 5.40-க்குத் தூத்துக்குடியில் பஸ் ஏறினேன். மடியில் ஒரு அரிசிச் சாக்கு. அதற்குள் என் பாய்ப்படகின் என்ஜின் பேனல் போர்டு, அதில் தொங்கும் வயர்க் கட்டு, என்ஜினிலிருந்து கழற்றிய இரண்டு சென்சார்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடப் பார்த்தார். மடியில் இருக்கும் பொருளுக்கு எதற்கு டிக்கெட் என்று சத்தம் போட்டேன். விட்டுவிட்டார்.

பாய்ப்படகுக்கு எதற்கு என்ஜின் என்று கேட்பார்கள். துறைமுகத்தை விட்டு வெளியே போகவும் திரும்பி வரவும் அது வேண்டும். அலைதடுப்புச் சுவரின் பாறைகளுக்குப் பக்கத்தில் காற்று நின்றுபோனால் பாய் வெறும் துணி. ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுப் பேரை ஏற்றிப்போய்க் கடலைக் காட்டுவது என் பிழைப்பு.

ஒரு மாதமாகவே, விளக்கைப் போட்டால், என்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரின் ஊசி சிவப்புக்கு ஓடியது. அணைத்தால் இறங்கியது. விளக்கைப் போட்டதற்காக எந்த என்ஜினும் கொதிக்காது. வயரிங் கோளாறு என்று தெரிந்தது. போன ஞாயிறு நடுக்கடலில் பஸ்ஸரும் கத்தியது. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் கத்த வேண்டியது அது. இதுவும் ஊசியைப் போலப் பொய் என்று முடிவுகட்டி, அதன் வயரை உருவிவிட்டேன்.

பிள்ளையை மடியில் வைத்திருந்த ஜெயந்தி என்ற பெண், "என்ன சத்தம் அது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. வயரு கோளாறு."

அன்றைக்குக் காற்று நன்றாக இருந்தது. என்ஜினை நிறுத்திவிட்டுப் பாயிலேயே கரைக்கு வந்தோம். அதே ஜெயந்தி, வருகிற ஞாயிறு சொந்தக்காரர்களோடு மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் கோளாறைப் பார்த்தாக வேண்டும்.

எங்கள் ஊரில் எலக்ட்ரீஷியனே இல்லையா என்றால், இருக்கிறார்கள். வந்து பார்த்த இரண்டு பேரும் எல்லா வயரையும் மாற்ற வேண்டும் என்றார்கள். எது கெட்டிருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. இந்தப் பேனலுக்கு வயரிங் செய்தவர் சுடலைமுத்து. பத்து வருடம் எங்கள் ஊரில் விசைப்படகுகளுக்கு வயரிங் பார்த்தவர். இப்போது மனைவியின் ஊரான வடகரையில் குடியிருந்துகொண்டு, தென்காசியில் கடை போட்டு டிராக்டர்களுக்குப் பார்க்கிறார்.

7.05-க்குத் திருநெல்வேலி. அங்கிருந்து தென்காசி ஐம்பத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் பாட்டு காதைக் கிழித்தது. குறைக்கச் சொன்னேன், குறைக்கவில்லை. ஆலங்குளம் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. பாவூர்சத்திரத்தில் ஜன்னல் கம்பியில் சாரல் வந்து ஒட்டியது. மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது.

9.10-க்குத் தென்காசி. சுடலைமுத்து கடையில் பூட்டு. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரிடம் கேட்டேன்.

"சாரல் அடிக்குதுல்லா அண்ணாச்சி? பதினோரு மணிக்கு முந்தி அவரை அருவியிலதான் பார்க்கணும்."

"போன் எடுக்க மாட்டேங்குதாரே."

"போனைக் கடைக்குள்ள வச்சுப் பூட்டிட்டுல்லா போவாரு."

வேலை நாளில் கடையைப் பூட்டிவிட்டுக் குளிக்கப் போகிற ஊரை அன்றுதான் பார்த்தேன். திட்டிக்கொண்டே ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துக் குற்றாலம் போனேன். ஐந்து கிலோமீட்டர்.

மெயின் அருவிக்குப் போகும் வழி முழுக்க எண்ணெய் வாடை, சிப்ஸ் வாடை, ஈரத் துண்டு. எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் என் சாக்கைப் பிடித்து நிறுத்தினார்.

"உடம்புக்கு முந்நூறு அண்ணாச்சி. தேய்ச்சீங்கன்னா சாக்கை நான் பார்த்துக்கிடுதேன்."

"தேய்க்கலைன்னா?"

"அப்பவும் பார்த்துக்கிடுதேன். மூஞ்சியப் பார்த்தாலே சூடு தெரியுது, அதான் கேட்டேன்."

ஆண்கள் வரிசையில் தலை துவட்டிக்கொண்டு நின்றார் சுடலைமுத்து. என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை.

"வாரும்வே. சட்டையக் கழத்தும்."

"நான் குளிக்க வரலை. படகு கெட்டுக் கெடக்கு."

"படகு தண்ணியிலதானே கெடக்கு? நீரும் கொஞ்ச நேரம் கெடயும்."

சாக்கை எண்ணெய்க்காரரிடம் விட்டுவிட்டு உள்ளே போனேன். தண்ணீர் முதுகில் அறைந்தது. ஒப்புக்கொள்கிறேன், ஒரு மாதமாக நான் யாரையும் திட்டாமல் இருந்தது அந்தச் சில நிமிடங்கள்தான். காவலர் நிமிடத்துக்கு ஒரு விசில் ஊதி வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு நீளமாக ஒரு விசில். அதுவும் அப்படித்தான் என்று கண்ணை மூடி நின்றேன். சுடலைமுத்து என் கையைப் பிடித்து முரட்டுத்தனமாக வெளியே இழுத்தார். படியில் இடறி முட்டியில் தோல் போனது.

திரும்பிப் பார்த்தேன். மற்ற எல்லோரும் ஏற்கெனவே வெளியே வந்திருந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில், இலையும் குச்சியுமாக, ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. அருவிக்கு முன்னால் இருக்கும் அந்த வளைவைத் தண்ணீர் தாண்டினால் யாரும் நிற்கக் கூடாது என்பது இந்த ஊர்க் கணக்கு.

"வரிசைக்கு ஊதுதாருன்னு நெனச்சேன்," என்றேன்.

"விசில் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு."

"கேட்டா ஏறிட்டு மேல பார்க்கணும்வே. கண்ணை மூடிட்டு நெனச்சுக்கிட்டு நிக்கப்பிடாது."

எனக்குக் கோபம் வந்தது. சாக்கை வாங்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

11.30-க்குக் கடை திறந்தார். பேனலைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார். மீட்டர்களுக்கும் விளக்குகளுக்கும் பொதுவான எர்த் வயர், நட்டுக்குள் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புக்காற்றின் வேலை. முனையை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது முனை அடித்து, ஊசிக்கான சென்சாரையும் பேட்டரியையும் சேர்த்தார். விளக்கைப் போட்டார். ஊசி அசையவில்லை.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"ஊசிக்கு முடிஞ்சுது. பஸ்ஸர் எதுக்குக் கத்துச்சு?"

"அதுவும் இதே எர்த்துதானே?"

"அதுக்கு வேற வயரு, வேற சென்சார். அது எர்த்தை என்ஜின்லயே எடுத்துக்கிடும். நான் போட்ட வயரு, எனக்குத் தெரியாதா? வாரும், டீ குடிப்போம்."

டீக்கடையில் அவர் டீ சொல்லவில்லை. ஒரு சட்டியில் தண்ணீர் வைக்கச் சொன்னார். பஸ்ஸரின் சென்சாரை வயரில் கட்டி அதற்குள் தொங்கவிட்டு, பேட்டரியையும் பேனலிலிருந்து கழற்றிய பஸ்ஸரையும் பெஞ்சில் வைத்தார்.

"என்ன வைத்தியம் இது?" என்றார் டீக்கடைக்காரர்.

"இவரு பொய் சொல்லுதாரா, பஸ்ஸர் பொய் சொல்லுதான்னு பார்க்கப்போறோம் அண்ணாச்சி."

தண்ணீரில் ஆவி வந்தது. விரல் வைக்க முடியாத சூடு. பஸ்ஸர் கத்தவில்லை. டீ குடிக்க வந்தவர்கள் டம்ளரோடு சுற்றி நின்றார்கள். சட்டியின் அடியிலிருந்து பெரிய குமிழ்கள் கிளம்பியபோது கத்தியது. வெளியே எடுத்து ஊதினார். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மறுபடி போட்டார். மறுபடி கத்தியது.

"கொதிச்சாத்தான் கத்துது. நல்லாத்தான் இருக்கு," என்றார். "அப்போ அன்னைக்கு உம்ம என்ஜினு கொதிச்சிருக்கு."

பிறகுதான் இரண்டு டீ சொன்னார். அன்றைக்குக் காற்று இல்லாமல் இருந்திருந்தால், கத்த வழியில்லாத பஸ்ஸரோடு, கொதிக்கும் என்ஜினை ஓட்டிக்கொண்டு அந்தப் பாறைகளுக்கு நடுவே எட்டுப் பேரோடு நுழைந்திருப்பேன்.

படகில் என்னோடு வேலை செய்யும் ரீகனுக்குப் போன் போட்டு, என்ஜினைக் குளிரவைக்கக் கடல்நீரை இழுக்கும் பம்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டான்.

"அண்ணே, உள்ள சுத்துற ரப்பர் விசிறில ஆறு ரெக்கை இருக்கணும். மூணுதான் இருக்கு."

சுடலைமுத்து கூலி வாங்க மறுத்தார். டீக்கு மட்டும் என்னைக் கொடுக்கச் சொன்னார். இரண்டு டீ இருபத்து நான்கு ரூபாய், சட்டித் தண்ணீர் இலவசம்.

2.15 பஸ்ஸில் சாக்கை மடியில் வைத்து உட்கார்ந்தேன். இந்த ஊர்க்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டுக் குளிக்கப் போகிறார்கள். ஆனால் ஒரு விசிலுக்கு அத்தனை பேரும் வெளியே வந்துவிடுகிறார்கள். நான் முப்பது வருடமாகக் கடலில் இருக்கிறேன். ஒரு ஊசி பொய் சொன்னதற்காகப் பஸ்ஸரின் வாயை அடைத்தவன் நான்தான்.

பாவூர்சத்திரம் தாண்டிச் சாரல் நின்ற இடத்தில் ஜெயந்திக்குப் போன் போட்டேன்.

"போன வாரம் என்ன சத்தம்னு கேட்டீங்களேம்மா. ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். அது தப்பு. என்ஜின் கொதிச்சிருக்கு."

"அப்போ ஞாயித்துக்கிழமை?" என்றார்.

"பம்பைச் சரிபண்ணி, நான் தனியா ஒரு தடவை போயிட்டு வந்துட்டுச் சொல்லுதேன். பஸ்ஸரைத் திரும்ப மாட்டிருவேன். சாவியைத் திருப்பினதும் சோதனைக்காகக் கத்தும், என்ஜின் ஓடினதும் நிக்கும். அதுதான் சரியான முறை."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா கிளம்ப மாட்டோம்."

"சரி," என்றார். "ஆனா இந்தத் தடவை என்ன சத்தம்னு உங்களைக் கேட்க மாட்டேன். பிள்ளையைத் தூக்கிட்டு நானே இறங்கிருவேன்."