பொருக்கு பார்க்கும் பேச்சாயி

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அடுத்தவருக்குத்தான் சொல்வார்கள். மீன் என்று வந்துவிட்டால் அவரவர் காலும் நிற்காது, புத்தியும் நிற்காது. அதனால்தான் எங்களுக்குப் பேச்சாயி அக்கா வேண்டியிருந்தது.

ஆத்தூருக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் கன்னிமார் குளம். சித்திரையில் வற்றத் தொடங்கி, வைகாசியில் நடுவே ஒரு வட்டம் தண்ணீர்தான் மிஞ்சும். குளத்து மீனெல்லாம் அதற்குள் வந்து நெருக்கியடிக்கும். அப்போது நாள் குறித்துச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் சொல்லிவிடுவோம். மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் வலையுமாகச் சனம் வந்து கரையில் குவியும். நாட்டாமை ஆண்டிச்சாமி கன்னிமாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். துண்டு அசைந்ததுதான் தாமதம், மொத்த சனமும் குளத்துக்குள் ஓடும். பிடித்த மீனை விற்கக் கூடாது. அன்றைக்கே குழம்பு வைத்துத் தின்றுவிட வேண்டும்.

ஓடுகிற தரைதான் சிக்கல். மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கும் மண்ணைப் பொருக்கு என்போம். பார்த்தால் டிராக்டரே போகலாம் போலிருக்கும். அடியில் ஈரம் இருந்தால் அது ஆறின பாலின் மேல் படிந்த ஆடைதான். அதிலும் குளத்தின் மேற்கில், எந்தக் காலத்திலோ செங்கல் சூளைக்கு மண் அள்ளிய பள்ளம் ஒன்று உண்டு. மழைக்கு மழை வண்டல் வந்து நிரம்பி, பொருக்கு மூடி, தரையோடு தரையாகிவிட்டது. அது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

துண்டு வீசும் முன் பேச்சாயி அக்கா மூங்கில் கழியோடு தனியாக இறங்குவாள். வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பாள். உள்ளே மண் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சில்லென்று இருந்தால் கையை உதறிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். ஆட்டுப் புழுக்கை கிடக்கும் இடத்தை நம்புவாள், கொக்கு நிற்கும் இடத்தை நம்ப மாட்டாள். கடைசியாகக் குதிகாலால் ஓங்கி இரண்டு மிதி. சத்தம் அந்த இடத்திலேயே அடங்கினால் நடக்கலாம். கொஞ்சம் பொறுத்து, அடியிலிருந்து யாரோ முட்டியதுபோல் பதில் வந்தால் நடக்கக் கூடாது. நடக்கக்கூடிய வழியின் இரண்டு ஓரத்திலும் வேப்பங்குழை குத்திக்கொண்டே வருவாள். குழையைத் தாண்டினால் கன்னிமார் குற்றம் என்பதால் எந்தக் கொம்பனும் தாண்ட மாட்டான்.

அந்தப் பதில் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். என் பெயர் ஆனந்த்ராஜ், கரையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நினைக்கிற ஆள். பொருக்குக்கு அடியில் சேறு தளும்புகிறது, மிதித்த அதிர்வு போய்த் திரும்புகிறது, அவ்வளவுதான் விஷயம் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அடித்துச் சொல்வேன். ஆனாலும் மேற்கே அக்கா இரண்டு மிதி மிதித்தால், அடியிலிருந்து சரியாக இரண்டு முட்டு வரும். அப்போது எனக்கு முதுகு சிலிர்க்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா ஆயக்குடிப் பக்கத்துக்காரி. கொய்யாத் தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவள், கருப்பணன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். எல்லோரிடமும் எங்கள் பேச்சு பேசப் பழகிவிட்டாள். புருஷனை மட்டும் கடைசி வரை அவள் ஊர் வழக்கப்படி "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டாள். நாங்கள் கேலி செய்வோம். அண்ணன் அந்த ஒரு வார்த்தைக்கே கடைத்தெருவிலிருந்து ஓடி வருவார். இருவருமாக அணைக்குப் போகும் சாலையில் மீன் வறுத்து விற்றார்கள்.

சில வருடங்களுக்கு முன் இதே போன்ற ஒரு மீன்பிடி நாளில், பெரிய விரால் ஒன்றைத் துரத்திக்கொண்டு அண்ணன் மேற்கே போனார். ஊர் பார்த்துக்கொண்டிருக்க, தரை அவரை வாங்கிக்கொண்டது. கூப்பிடக்கூட நேரம் கிடைக்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது, மண் அள்ளும் மெஷின் வந்தது. மெஷினே புதையும் போலிருக்கவும் பின்வாங்கினார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உடல் கிடைக்கவில்லை.

கோரைப் புல்லில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று ஊர் சொன்னது. அக்கா ஒப்பவில்லை. "போயிட்டாருன்னு யாரு பாத்தா? உள்ள இருக்காரு, அம்புட்டுத்தான்" என்றாள். தாலியும் பூவும் பொட்டும் அப்படியே இருந்தன. அடுத்த வருடமே யாரும் கேட்காமல் மூங்கிலை எடுத்துக்கொண்டு பொருக்கு பார்க்க இறங்கினாள். அன்றிலிருந்து அந்த வேலை அவளுடையதானது.

என்னை உறுத்தியது வேறொன்று. மேற்கே மிதித்து, அந்த முட்டு வந்ததும், கரையில் நிற்கும் எங்களுக்கு முகம் வெளிறும். அவளுக்கோ முகம் மலரும். அன்று சாயங்காலம் மல்லிகைப் பூ வாங்கி நிறைய வைத்துக்கொள்வாள். ஊரெல்லாம் மீன் குழம்பு மணக்க, அவள் வீட்டில் மட்டும் ரசம் கொதிக்கும்.

மகன் விக்னேஷ்குமார் வத்தலக்குண்டு சந்தைக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறான். அங்கேயே ஜீவிதா என்ற பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். தகப்பனுக்குக் காரியம் செய்யாத வீட்டில் எப்படித் தாலி ஏறும் என்று பெண் வீட்டார் கேட்டார்கள். அவனுக்குமே அது வேண்டும். இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது, குளம் என்றுமில்லாத அளவுக்கு வறண்டிருந்தது.

"இந்த வருசம் மேக்க காஞ்சிருந்தா மெஷின விட்டுத் தோண்டிருவோம்மா" என்று என் கடை வாசலில் வைத்துத்தான் சொன்னான். "அப்பாவ எடுத்து முறையாச் செய்யணும். செய்யாம எனக்குக் கல்யாணம் வேணாம்."

அக்கா திரும்பிக் குளத்தின் மேற்குப் பக்கம் பார்த்தாள். மண் ஈரமென்று சொன்னால் மகனின் வாழ்க்கை நிற்கும், காய்ந்தது என்று சொன்னால் புருஷன் செத்தவனாகிவிடுவான். இரண்டில் ஒன்றை அவள் வாயால்தான் சொல்ல வேண்டும். அவள்மேல் எனக்கு இரக்கமாக இருந்தது.

மீன்பிடி நாள் காலை வெயில் ஏறுவதற்குள் கரை நிறைந்துவிட்டது. அக்கா கிழக்குப் பக்கத்துப் பொருக்கைப் பார்த்துக் குழை குத்திவிட்டு மேற்கே திரும்பினாள். இந்த முறை விக்னேஷ் பின்னாலேயே போனான். நான் டிராக்டர் ட்யூப் ஒன்றில் காற்றடித்து, ஒரு கயிற்றுச் சுருளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அவர்களோடு நடந்தேன். எனக்குச் சாமியைவிட ட்யூப்மேல் நம்பிக்கை அதிகம். கரையிலிருந்து சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

மேற்கே போகப் போகக் கரைச் சத்தம் அறுந்துபோனது. புல் இல்லை, பறவை இல்லை. அக்கா கடைசிக் குழையைக் குத்திவிட்டு இரண்டு மிதி மிதித்தாள்.

பொறுத்தோம். ஒன்றும் வரவில்லை.

மறுபடி மிதித்தாள். கழியால் குத்தினாள். மண் கல்லாக இருந்தது. மண்டியிட்டு, பொருக்கின்மேல் காதை வைத்துப் படுத்தாள்.

"ஏனுங்க" என்றாள் மெதுவாக. "நாந்தானுங்க."

கழுத்தில் வேர்வை ஓடும் வெயில். நான் ட்யூப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் உதடு மண்ணில் பட, திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"இருக்கு. ஈரந்தான். ஒருத்தரும் இங்கிட்டு வரக்கூடாது."

"பொய் சொல்லாதம்மா" என்றான் விக்னேஷ். "நானும் கேட்டுக்கிட்டுத்தான நிக்கிறேன். சத்தம் வரல."

"வந்துச்சுடா."

"வரல. மண்ணு காஞ்சிருச்சு. அப்பா செத்துட்டாரு. நீ ஒருத்திதான் அவர விடாம வெச்சிருக்க!"

சொன்னவன் கடைசிக் குழையைத் தாண்டிவிட்டான். அக்கா அலறினாள். அவன் குதித்துக் காட்டினான், தரை அசையவில்லை. மேலும் நடந்து, மீண்டும் குதித்தான். பிறகு, "பாத்தியா?" என்று எங்கள் பக்கம் திரும்பினான். அவன் கண்ணெல்லாம் தண்ணீர்.

பொருக்கு உடைந்ததற்குச் சத்தமே இல்லை. ஓடு ஒன்று உருவப்பட்டதுபோல் ஒரு பாளம் அவனோடு கீழே போனது. உள்ளேயிருந்து, மூடிவைத்த அறையைத் திறந்ததுபோல் ஒரு குளிர்ந்த காற்று வந்து முகத்தில் அடித்தது.

பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. சுற்றிலும் தென்னந்தோப்புகளில் போர் போட்டுத் தண்ணீரை உறிஞ்சியதில், அடியில் இருந்த சேறு கீழே இறங்கிவிட்டது. பொருக்கு மட்டும் கூரைபோல் அந்தரத்தில் நின்றிருக்கிறது. பதில் வராததற்கு மண் காய்ந்தது காரணமில்லை, பதிலைக் கொண்டுவர அடியில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. சத்தம் இல்லாவிட்டால் பயமில்லை என்று இத்தனை வருடம் ஊரே தப்பாக நம்பிக்கொண்டிருந்தோம். அக்கா சொன்ன பொய்தான் அன்று உண்மையாயிற்று.

கயிற்றின் ஒரு நுனியைக் கரையிலிருந்து ஓடி வந்தவர்களிடம் வீசிவிட்டு, மறு நுனியில் சுருக்குப் போட்டுக்கொண்டு, ட்யூப்பின்மேல் குப்புறப் படுத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அக்கா என் பக்கத்திலேயே வயிற்றால் ஊர்ந்து வந்தாள். உடைந்த ஓரத்தில் எட்டிப் பார்த்தோம். கருஞ்சேற்றில் விக்னேஷின் தலை மட்டும் தெரிந்தது. வாய்க்கு விரற்கடை கீழே சேறு நின்றது.

"அசையாதடா! அசைஞ்சா இறங்கிருவ!" என்று கத்தினேன்.

"இறங்கல மாமா" என்றான். குரல் விசித்திரமாக இருந்தது. "நிக்கிறேன்."

"அடியில கல்லு இருக்கா?"

அவன் அம்மாவையே பார்த்தான். அப்போது அது நடந்தது. நான் கயிற்றுச் சுருக்கை இன்னும் வீசவேயில்லை, யாரும் அவனைத் தொடவில்லை. அவன் மேலே வந்தான். முதலில் கழுத்து, அப்புறம் தோள், அப்புறம் நெஞ்சு. யாரோ அடியிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவதுபோல், நிறுத்தி நிறுத்தி வந்தான். கை எட்டும் உயரம் வந்ததும் அசையாமல் நின்றான். நான் சுருக்கை அவன் அக்குளில் மாட்டினேன், பின்னாலிருந்தவர்கள் இழுத்தார்கள்.

அவன் வெளியே வந்ததும் அந்தப் பொந்தில் மூங்கிலை விட்டுப் பார்த்தேன். என் புத்திக்கு ஒரு கல் வேண்டியிருந்தது. ஒரு மரக்கட்டை கிடைத்திருந்தாலும் போதும். முழு மூங்கிலும் போய், என் கையும் சேற்றில் முங்கியது. எங்கேயும் அடி தட்டவில்லை.

ஆண்டிச்சாமி அன்று துண்டை வீசவில்லை. சனம் கலைந்து போனது. கன்னிமார் மேடைக்குப் பக்கத்தில் விக்னேஷை உட்கார வைத்து, அக்கா குடத்துத் தண்ணீரை ஊற்றிச் சேற்றைக் கழுவினாள். துண்டு கொண்டுபோன நான் பக்கத்தில் நின்றேன்.

"தோளும்மா" என்றான். "ரெண்டு காலுக்கும் கீழ ரெண்டு தோளு." பிறகு சின்னப் பிள்ளைபோல் வெடித்து அழுதான். "மிதிச்சுட்டேம்மா. அப்பாவக் கால்ல போட்டு மிதிச்சுட்டேன்."

அக்கா அழவில்லை. அவன் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, விரலிடுக்கில் இருந்த சேற்றைத் தேய்த்தாள்.

"கோட்ட மாரியம்மன் திருவிழாவுல கூட்டத்துல சாமி தெரியலன்னு அழுவ" என்றாள். "அவரு தோள்ல நிக்க வெச்சுத்தான் ஒனக்குக் காட்டுவாரு. செருப்புக் காலோடதான் ஏறி நிப்ப. அன்னைக்கு ஒரு நாளாவது வலிக்குதுன்னாரா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். அக்கா அடுத்த பாதத்தை எடுத்தாள். அதையும் கழுவினாள். தண்ணீர் தெளிந்து வடியத் தொடங்கியதும் சொன்னாள்.

"வர்ற அமாவாசைக்குக் காரியம் வெச்சுரு அப்பு. இம்புட்டு வருசமா நின்னுக்கிட்டே இருந்திருக்காரு. இனியாச்சும் படுக்கட்டும்."