கைராசிக்கு வந்த மாறுதல்

என் கணவருக்கு மாறுதல் கிடைக்காமல் இருந்ததற்குக் காரணம், அவருடைய செடிகள் நன்றாக வளர்ந்ததுதான். மேலதிகாரியின் வீட்டிலிருந்தே அப்படிச் சொன்னார்கள். சொன்னவருக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். அவருக்கு ஓர் அரசுத் துறையின் மலைப்பகுதி அலுவலகத்தில் வேலை. காவலூருக்குச் சற்றுத் தள்ளி, ஓடு வேய்ந்த குவார்ட்டர்ஸ். கல்யாணத்துக்கு முன் நான் வேலூரில் ஒரு நாளிதழில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடைபெறப் போனபோது ஆசிரியர், பொங்கல் வரை அந்த இடத்துக்கு வேறு ஆள் போடமாட்டேன், அதற்குள் வந்துவிடு என்றார். ஆக வேலூரில் என் நாற்காலி சும்மா இருந்தது, மலையில் நான் சும்மா இருந்தேன். இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டிய மாறுதல் மனு மேலதிகாரியின் மேஜையில் சும்மா இருந்தது. நான் மட்டும் தனியாக வேலூருக்குப் போவது என்பது அப்போது யாருக்கும் தோன்றாத யோசனை. எனக்கும்தான்.

கணவர் கலசப்பாக்கத்துக்காரர். நெல் விளைவிக்கும் குடும்பம். சோற்றுக்கு உதவாத எதையும் அவர்கள் களை என்பார்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் மலைக்கு வந்ததும், சோற்றுக்கு உதவாத செடிகளாகத் தேடித் தேடிச் சேர்த்தார். மரக்கிளையில் ஒட்டி வளரும் ஆர்க்கிட்டுகளைத் தேங்காய் மட்டையிலும் கரித்துண்டிலும் கட்டி, தாழ்வாரம் முழுக்கத் தொங்கவிட்டார். வீட்டுக்குள் நுழைகிறவர்கள் குனிந்துதான் வர வேண்டும். அதை மரியாதை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். துணி காயப்போடும் கம்பியில் செங்காந்தள் ஏறிப் பூத்தது. அதனால் துணி வேலியில் காய்ந்தது. கிருஷ்ண கமலம் பூத்தால், வருகிறவர்களை நிறுத்தி, சுற்றிலும் இருப்பவர்கள் கௌரவர்கள், நடுவில் பஞ்சபாண்டவர் என்று பாரதம் முழுவதும் சொல்லி முடித்த பிறகே காபிக்கு அனுமதிப்பார். மனோரஞ்சிதத்தை முகர்ந்தால் நினைத்த பழத்தின் வாசனை வரும் என்பார். நான் வேலூரை நினைத்து முகர்ந்தேன். பலாப்பழ வாசனை வந்தது.

செடியைக் கொண்டுவருவது அவர், பெயர் கண்டுபிடிப்பது அவர், ஆட்களுக்குக் காட்டுவது அவர். தண்ணீர் மட்டும் நான்.

புளி விற்க வரும் மலைக்காரப் பெண்மணி ஒருவர் ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, தாழ்வாரத்தில் தொங்கியவற்றை வெகுநேரம் பார்த்தார்.

"இத துன்றீங்களா?"

இல்லை, பார்ப்பதற்கு என்றேன்.

"பாக்கறதுக்குன்னா காட்டுலயே கீதே. வூட்டாண்ட இட்டாந்து கட்டிப்போட்டா நல்லா தெரியுமா?"

கணவர் அவருக்கு விளக்கம் சொல்லப் போனார். பாரதம் தொடங்குவதற்குள் பெண்மணி கூடையைத் தூக்கிக்கொண்டார்.

காவலூரில் வானத்தைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கி இருந்ததால் விருந்தினருக்குப் பஞ்சமில்லை. நட்சத்திரம் பார்க்க வருகிறவர்களுக்குப் பகலில் பார்க்க ஒன்றும் இருக்காது. எனவே எங்கள் தாழ்வாரத்தைப் பார்த்தார்கள். அப்படித்தான் வேலூரிலிருந்து மேலதிகாரியும் அவர் மனைவியும் முதலில் வந்தார்கள். அம்மாள் ஒவ்வொரு பூவுக்கும் ஒருமுறை 'ஐயோ' என்றார். என் மாறுதல் ஜீப்பில் ஏறி வந்து வாசலில் நிற்பதாக நினைத்து, வீட்டிலிருந்த நெய்யையெல்லாம் கேசரியில் கொட்டினேன்.

நாலு செடியைப் பெயர்த்துக் கொடுங்கள் என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் திடுக்கிட்டார். செடியைக் கையில் எடுத்துக் கொடுத்தால் வராதாம். வாங்குகிறவர் கேட்காமல் எடுத்துப்போனால்தான் துளிர்க்குமாம். அம்மாளுக்கும் இதே கொள்கை. ஆகவே அங்கே ஒரு நாடகம் நடந்தது. கணவர் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய், சமையலறைச் சுவரைப் பார்த்து நின்றார். மேலதிகாரி ஜீப் டயரை ஆராய்ந்தார். அம்மாள் பிரம்ம கமலத்தின் இலைகளை ஒடித்து, கிருஷ்ண கமலக் கொடியைக் கிள்ளி, ஆர்க்கிட் ஒன்றைக் கட்டோடு கழற்றி எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டார். திருட்டு முடிந்ததற்கு அடையாளமாக இருமினார். கணவர் தண்ணீரோடு வந்தார். திருடியவர், கொடுத்தவர், சாட்சிகள் எல்லோரும் கேசரி சாப்பிட்டோம்.

மாறுதலைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. என் கணவரும் எழுப்பவில்லை. ஜீப் போன பிறகு கேட்டேன். வீட்டுக்கு வந்தவரிடம் ஆபீஸ் விஷயம் பேசினால் நன்றாக இருக்காது என்றார். அடுத்த முறை வந்தபோதும் நன்றாக இருக்காது. அதற்கடுத்த முறையும்.

ஏனென்றால் அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒடித்துக்கொண்டுபோனவை எல்லாம் வேலூர் வெயிலில் வெந்து செத்தன. பாறைக்கும் கோட்டைக்கும் நடுவே கொதிக்கிற ஊரில் மலைச்செடி சாகும் என்பது எனக்குப் புரிந்தது. அம்மாளுக்கு வேறு விதமாகப் புரிந்தது. கார்த்திகையில் வந்தபோது, நானே துணிந்து மாறுதல் மனுவைப் பற்றிக் கேட்டேன்.

"அது எப்பிடிம்மா?" என்றார் அம்மாள். "உங்க வூட்டுக்காரருக்கு அப்பிடி ஒரு கைராசி. அவர் கீழ வந்துட்டா இந்தச் செடியெல்லாம் இன்னா ஆவறது? சார்கிட்ட நான்தான் சொன்னேன், அவர எடுத்துடாதீங்கன்னு."

மேலதிகாரி தலையசைத்தார். என் கணவர் அடக்கத்தோடு பூந்தொட்டியைப் பார்த்தார். அரசு ஊழியர் ஒருவரைக் கைராசிக்காக ஓர் இடத்திலேயே வைத்திருக்கலாம் என்று எந்த விதியிலும் இல்லை. விதியில் இல்லாததை வாதிட்டு வெல்ல முடியாது. பொங்கலுக்கு அதிக நாள் இல்லை.

"அவருக்கு எங்கீதுங்க கைராசி?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவர் ஒரு சொம்பு தண்ணி ஊத்தனதில்ல. ஊத்தறது நானு. கைராசி என்னுதுங்க."

அம்மாள் என் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ. கணவரைப் பார்த்து, "நெசமா?" என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். தண்ணீர் அவள்தான் ஊற்றுவாள் என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப நீ கீழ வந்தா எங்க வூட்டுச் செடியும் வரும்."

வரும் என்றேன்.

நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு என் கணவர் மார்கழியிலேயே வேலூருக்கு மாற்றப்பட்டார். தொட்டிகளை லாரியில் ஏற்றும்போது அவர் ஒவ்வொன்றையும் கயிற்றால் கட்டி, பிறகு அவிழ்த்து, மறுபடி கட்டினார். அந்த மனு இத்தனை நாள் நகராமல் இருந்ததில் அவருக்குப் பெரிய வருத்தம் இருந்திருக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்தியை மற்றவர்களுக்குத் திருத்திக் கொடுப்பதுதான் என் தொழில். நம் வீட்டுச் செய்தி கடைசியில்தான் கிடைக்கிறது.

பொங்கலுக்கு முன்பே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் அம்மாள் வீட்டுத் தோட்டத்துக்குக் கைராசியை எடுத்துச் செல்வேன், மதியம் பத்திரிகைக்கு. மாசி வரை செடிகள் என் மானத்தைக் காத்தன. பங்குனியில் ஆர்க்கிட் வற்றலாயிற்று. சித்திரையில் கிருஷ்ண கமலத்தில் கௌரவரும் இல்லை, பாண்டவரும் இல்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாள் எங்கள் வாடகை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, கைராசிய மலையிலயே வுட்டுட்டு வந்துட்டியா?"

வெயில் அதிகம் என்றேன். அவர் அதைக் கேட்கவில்லை. மலையில் போட்ட புது ஆளுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம், வேறு ஆள் தேடுகிறார்களாம்.

"உங்க வூட்டுக்காரரையே திரும்ப அனுப்பிச்சுடலாமான்னு சார் யோசிக்கறாரு. ராசி அந்த எடத்துலதான் கீது போல. நீங்க ரெண்டு பேரும் அங்க இருந்தாதான் செடி பொழைக்கும்."

கணவர் காபித் தம்ளரோடு நின்றிருந்தார். முகத்தில் வருத்தம் வரவழைக்க அவர் படுகிற பாடு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அனுப்பிச்சுடுங்க. அவர் போவட்டும். நான் இங்கயே கீறேன், எனக்கு வேல கீது," என்றேன்.

"தனியாவா? ஒனக்கு யாரு தொண?"

"செடிக்குத்தாங்க ஆள் வேணும். எனக்கு வேணாம்."

அம்மாள் என் கணவரைப் பார்த்தார், இவளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்பதுபோல். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மழைக்கு முன்னால் போய்விட்டால் நல்லது, ஆர்க்கிட்டை மாற்றிக் கட்ட அதுதான் பருவம் என்றார்.

அப்படியே போனார். சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்து திங்கள் காலை மலையேறுவார். நாங்கள் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டோம் என்று தெருவில் முடிவு செய்திருந்தார்கள். உண்மையில் எங்கள் கல்யாண வாழ்க்கையில் சண்டையே இல்லாமல் கழிந்த வருடங்கள் அவைதான். அங்கே செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.