வழவழா தன் முகத்துக்குப் பட்டி பார்த்த கதை

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பட்டறையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நசுங்கிய கார் கதவைத் தட்டி நிமிர்த்துவார், சீக்கிரம் இறுகுவதற்கு ஹார்டனர் கலந்து பள்ளத்தில் பட்டி பூசுவார், காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். "வழவழன்னு இருக்கணும்யா. கைக்கு ஏதாவது தட்டுப்பட்டா அது வேலையே இல்ல" என்பார். அதனால் வழவழா. பேச்சும் கொஞ்சம் வழவழா கொழகொழாதான் என்பதால் பெயர் இரண்டு வகையிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கல்யாணம் தாமதம். குழந்தை அதைவிடத் தாமதம். மற்றவர்கள் பிள்ளைக்குப் பெண் தேடுகிற வயதில் இவர் பால்புட்டி கழுவிக்கொண்டிருந்தார். இப்போது ஐம்பது வயது வாசலில் வந்து நிற்கிறது, மகள் மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். மூக்கிலிருந்து சதா நழுவும் கண்ணாடி போட்ட அந்தச் சின்னதைத் தவிர உலகத்தில் வேறு யார் என்ன நினைத்தாலும் அவருக்குக் கவலை கிடையாது. அவள் நினைப்பதுதான் அவருக்கு எல்லாம்.

வழக்கமாக மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது மனைவி. அவள் மருந்துக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். ஒருநாள் கடையில் வேலை அதிகம் என்று போன் வந்ததும் வழவழா கையில் இருந்த உப்புத்தாளைப் போட்டுவிட்டு, போட்டிருந்த சட்டையோடு ஸ்கூட்டரில் கிளம்பினார். பள்ளி வாசலில் வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"மூணாங்கிளாஸ் கண்ணாடிப் பாப்பா! உன் தாத்தா வந்திருக்காரு பாரு!"

மகள் வந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். வாட்ச்மேனைப் பார்த்தாள். ஏதோ கணக்குப் போடுகிறவளைப் போல ஒரு நிமிடம் நின்றாள்.

"ஆமா. எங்க தாத்தாதான்" என்று சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வழவழா வாயே திறக்காமல் வண்டி ஓட்டிய ஒரே நாள் அதுதான். நெஞ்சில் சுருக்கென்று தைத்திருந்தது. வாட்ச்மேன் சொன்னதுகூடப் பரவாயில்லை. பெற்ற பெண் 'இல்லை, எங்கப்பா' என்று சொல்லவில்லையே! அப்பா என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிறாளா? 'ஏன்டா கண்ணு அப்படிச் சொன்னே' என்று அங்கேயே கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும், இந்தக் கதையும் இருந்திருக்காது. லாரி மோதிய காரைப் புதுசாக்கித் தருகிற மனிதருக்கு ஒரு சின்னப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்கத் துணிச்சல் வரவில்லை. என்ன ஆம்பிளையோ!

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றார். விபத்தில் அடிபட்டு வந்த வண்டியைப் பார்ப்பது மாதிரி முகத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றியில் கோடு. கண்ணோரத்தில் கோழி கிளறிய மாதிரி சுருக்கம். கன்னம் சொரசொரப்பு. கண்ணை மூடித் தடவினார். எங்கே தடவினாலும் ஏதாவது தட்டுப்பட்டது.

"என்னங்க, கண்ணாடிக்குள்ள போயிடுவீங்க போல இருக்கே" என்றாள் மனைவி.

"இந்தா பாரு, உண்மையைச் சொல்லு. என் மூஞ்சியை ரிப்பேர் பண்ணலாமா, இல்ல பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதானா?"

நடந்ததைச் சொன்னார். அவள் மூக்கின் மேல் விரலை வைத்தாள்.

"பட்டறையிலேருந்து நேரா போனீங்களா? மூஞ்சி கழுவினீங்களா?"

"நேரம் எங்க இருந்தது?"

"தலையிலேருந்து புருவம் வரைக்கும் வெள்ளை வெளேர்னு பட்டித்தூள் நிக்குது. நானா இருந்தா தாத்தான்னு இல்ல, கொள்ளுத்தாத்தான்னே கூப்பிட்டிருப்பேன்."

இது அவர் காதில் ஏறவே இல்லை. மனிதன் ஒருமுறை தன்னைக் கிழவன் என்று முடிவு கட்டிவிட்டால், பிறகு சோப்புப் போட்டுக் குளித்தால் போதும் என்று யார் சொன்னாலும் அவமானமாகத்தான் இருக்கும்.

மறுநாள் தொடங்கியது வேலை. வழவழாவுக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று. முதலில் கழுவு, அப்புறம் தேய், அப்புறம் பூசு, மறுபடியும் தேய். சொரசொரத் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் தேய்த்தார், கன்னம் தக்காளியாகச் சிவந்தது. முட்டையின் வெள்ளைக் கருவைப் பூசிக்கொண்டு விறைத்துப்போய் உட்கார்ந்தார், சிரித்தால் விரிசல் விடும் என்று சாயங்காலம் முழுக்க ஜாடையிலேயே பேசினார். வீட்டில் அன்றைக்கு எல்லாருக்கும் நிம்மதி. வாழைப்பழத்தை மசித்துப் பூசியபோது ஈக்கள்தான் முதலில் வந்து பார்த்தன.

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் துண்டைப் பிடுங்கித் தூக்கி எறிந்தாள்.

"மூஞ்சி என்ன வண்டி பம்பரா, தேய்க்கத் தேய்க்கப் பளபளன்னு ஆகறதுக்கு? தேய்ச்சா தோல் இன்னும்தான் கெட்டுப்போகும். சும்மா இருங்க." கடையிலிருந்து கொண்டு வந்ததை மேசைமேல் வைத்தாள். "இது மூஞ்சி கழுவ. இது ஈரப்பசைக்கு. இது வெயிலுக்கு, வெளிய போறதுக்கு முன்னாடி. வேலை செய்யறப்போ மூக்குக்கு மாஸ்க், தலைக்குத் துணி. ராத்திரி போனை நோண்டாம தூங்குங்க. வந்த சுருக்கம் போகாது. ஆனா மூஞ்சி மூஞ்சியா இருக்கும்."

வழவழா அந்த கிரீம் டியூபைக் கையில் வாங்கி, நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்.

"இதுல ஹார்டனர் எவ்வளவு கலக்கணும்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

பட்டறைக்கு டியூபை எடுத்துப் போனால் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்கள். அதற்கு வழவழா ஒரு தந்திரம் செய்தார். காலியான பட்டி டப்பா ஒன்றைச் சுத்தமாகக் கழுவி, கிரீமை எல்லாம் அதில் பிதுக்கி, தன் மேசையில் வைத்துக்கொண்டார். பட்டறையில் பட்டி டப்பாவை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

யாரும் சந்தேகப்படவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பெயிண்டர், சொந்தக்காரர் அவசரமாகக் கேட்டிருந்த ஒரு காரின் கதவில் சின்னப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, 'அண்ணனுக்கு எதுக்குச் சிரமம்' என்று அந்த டப்பாவை எடுத்து, ஹார்டனரைக் கலந்து, அழகாக இழுத்துப் பூசிவிட்டார். காயவில்லை. விசிறிவிட்டார், காயவில்லை. வெயிலில் தள்ளி நிறுத்தினார். அப்போதும் கதவு குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி மினுமினு என்று இருந்தது. அந்த நேரம் பார்த்துக் காரின் சொந்தக்காரர் வந்து சேர்ந்தார்.

"என்னப்பா, என் கார்ல ரோஜாப்பூ வாசம் அடிக்குது?"

பெயிண்டர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். டப்பாவை முகர்ந்தார். அப்போதுதான் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த வழவழாவின் கன்னத்தருகில் மூக்கைக் கொண்டுபோய் அங்கேயும் முகர்ந்தார். குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"அண்ணே! நீங்களும் இந்தக் கதவும் ஒரே கம்பெனியா?"

பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. வழவழாவுக்கு அசடு வழிந்தது. காரின் சொந்தக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக அவரை ஓரமாகக் கூட்டிப்போய், "அது எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கேட்டார். அவருக்கும் ஐம்பது இருக்கும்.

மானம் போனது போனதுதான், இனி எதற்கு ஒளிவு மறைவு என்று வழவழா புது டியூபை வெளிப்படையாகவே மேசையில் வைத்துவிட்டார். மாஸ்க் போட்டார். தலையில் துணி கட்டினார். மீசைக்கு மை அடித்தார். நேரத்தோடு தூங்கினார். மனைவி சொன்னதை மனிதர் உருப்படியாகக் கேட்டது வாழ்க்கையில் இந்த ஒரு விஷயத்தில்தான். மாதங்கள் போகப்போக முகம் நிஜமாகவே தெளிந்தது. காய்கறிக் கடையில் புது ஆள் ஒருவன் 'என்ன வேணும் தம்பி' என்று கேட்டுவிட, தலைகால் புரியாமல் ஒரு முழுப் பூசணிக்காயை வாங்கி வந்தார். வீட்டில் அதைத் தின்று தீர்க்க முடியவில்லை.

இதெல்லாம் எதற்காக? பள்ளி ஆண்டு விழாவுக்காக. அன்றைக்கு அந்த வாசல் வழியாக நெஞ்சை நிமிர்த்தி நடக்க வேண்டும், எல்லாரும் பார்க்க மகள் 'எங்கப்பா' என்று சொல்ல வேண்டும். போன வருஷ விழாவில் அவள் நிலாவாக வந்தாள். சொல்ல வேண்டிய ஒரே வசனத்தை மறந்துபோய் மேடையிலேயே அழுதுவிட்டாள். பின்னால் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்ற வழவழாவுக்கு அவள் உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. இந்த வருஷம் அவளுக்கு நத்தை வேஷம். இதிலும் ஒரே ஒரு வசனம்.

விழா நாள் வந்தது. வழவழா இஸ்திரி போட்ட சட்டையும் மை மணக்கும் மீசையுமாக மனைவியோடு போய் இறங்கினார். மண்டப வாசலில் அதே வாட்ச்மேன்.

"பெத்தவங்க எல்லாம் பின்னாடி நிக்கணும். முன்வரிசை நாற்காலி தாத்தா பாட்டிகளுக்கு மட்டும். போங்க தம்பி, பின்னாடி போங்க!"

தம்பி! வழவழாவுக்கு வானத்தில் மிதப்பது போல இருந்தது. பின்னால் போய், அதே தண்ணீர் டிரம் பக்கத்தில், ராஜா மாதிரி நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அட்டையில் செய்த பெரிய ஓடு ஒன்று கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு வந்தது. உள்ளே மகள். கண்ணாடி இல்லாமல், கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்து வந்தவள், அம்மாவின் குரலைக் கேட்டு நின்றாள்.

"அப்பா! நீ ஏன் இங்க நிக்கிறே?"

"அப்பாங்க எல்லாம் இங்கதான்டா நிக்கணும்" என்றார் பெருமையாக.

அவள் உதடு பிதுங்கியது. "ஐயோ அப்பா! தாத்தாங்களுக்குத்தானே முன்னாடி சேர்! அதுக்குத்தானே அன்னிக்கே வாட்ச்மேன் மாமாகிட்ட ஆமான்னு சொன்னேன்! நத்தை கண்ணாடி போடாதுன்னு மிஸ் கழட்டிட்டாங்க. நீ முன்னாடி உக்காந்தாத்தான் எனக்கு உன் மூஞ்சி தெரியும். போன வருஷம் தெரியவே இல்ல. அதான் பயத்துல மறந்துட்டேன்."

யாரோ ஆசிரியை வந்து நத்தை ஓட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வழவழாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை மாதமாக அவர் வெட்கம் என்று நினைத்தது ஒரு நாற்காலி! அவளுக்கு வேண்டியிருந்தது இந்த முகம்தான். சுருக்கத்தைப் பற்றியோ சொரசொரப்பைப் பற்றியோ அவள் நினைக்கவே இல்லை. அழலாமா சிரிக்கலாமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை. வாட்ச்மேனிடம் ஓடினார்.

"ஐயா, நான்தான் அந்தக் கண்ணாடிப் பாப்பாவோட தாத்தா. முன்னாடி ஒரு இடம் குடுங்க."

வாட்ச்மேன் சிரித்தார். "விளையாடாதீங்க தம்பி. உங்களைப் பார்த்தா தாத்தா மாதிரியா இருக்கு?"

எந்த வார்த்தைக்காக ராப்பகலாக கிரீம் பூசினாரோ, அதே வார்த்தை. வழவழாவுக்கு அந்த ஆளைக் கடித்துவிடலாமா என்று வந்தது.

ஸ்கூட்டருக்கு ஓடினார். துவைக்க எடுத்துப் போகும் பட்டறைச் சட்டை பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. எடுத்துத் தன் தலைக்கு மேலே பட் பட்டென்று உதறினார். பட்டித்தூள் பொலபொலவென்று கொட்டியது. தலை வெளுத்தது, புருவம் வெளுத்தது, மை அடித்த மீசையும் வெளுத்தது. சட்டையை மேலே மாட்டிக்கொண்டு முதுகை வளைத்தார். பின்னாலேயே ஓடி வந்த மனைவி அவரைப் பார்த்தாள், சிரிப்பை விழுங்கினாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

"வாங்க மாமா. பார்த்து நடங்க. படி இருக்கு மாமா."

கட்டிய மனைவியின் வாயால் மாமனார் ஆகிவிட்ட வழவழா, இருமிக்கொண்டே நடந்தார். வாட்ச்மேன் பதறி வழிவிட்டார். "அடடே, அன்னிக்கு வந்த பெரியவர்! வாங்கய்யா. இப்பத்தான் உங்க மகன், நான்தான் தாத்தான்னு சொல்லிக்கிட்டு இடம் பிடிக்கப் பார்த்தாரு. எங்கம்மா அவரு?"

"அவரா? எங்கயாவது வழவழன்னு பேசிக்கிட்டு நிப்பாரு" என்றாள் அவள்.

முன்வரிசையில் நடு நாற்காலி கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஜத் தாத்தா ஒருவர் அவரை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, காதருகில் குனிந்தார்.

"தலைதான் நரைச்சிருக்கு. கன்னம் சின்னப் பையன் மாதிரி இருக்கே, என்ன போடறீங்க?"

வேறொரு நாளாக இருந்தால் வழவழா விலாவாரியாகச் சொல்லியிருப்பார். அன்றைக்கு வாயில் விரலை வைத்து மேடையைக் காட்டினார். திரை விலகிவிட்டது. முயல் வந்தது, மான் வந்தது, எல்லாம் பேசிவிட்டுப் போயின. கடைசியாக நத்தை தட்டுத்தடுமாறி மேடையின் விளிம்புக்கு வந்து நின்றது. வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை. கண்ணை இடுக்கி முன்வரிசையை ஒரு ஓரத்திலிருந்து துழாவிக்கொண்டே வந்தது. பார்வை நடு நாற்காலியில் வந்து நின்றது.

"மெதுவாத்தான் வந்தேன், ஆனா வந்துட்டேன்!" என்று மண்டபம் அதிரக் கத்தியது.

கைதட்டல் அடங்கவில்லை. வழவழாவின் கண்ணீர் பட்டித்தூளில் கோடு கோடாக இறங்கியது. நத்தை உள்ளே போகவில்லை. வசனத்தில் இல்லாத ஒன்றையும் அங்கேயே நின்று கையாட்டிச் சொன்னது.

"அப்பா! உன் மூஞ்சி நல்லாத் தெரியுது!"

வாசலில் நின்ற வாட்ச்மேன் மெல்லத் திரும்பி, பின்னால் நின்ற வழவழாவின் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையில் மின்விசிறி சுற்றுவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.