ஒகாஷாவுக்கு கோல் போட்ட ப்ராத்னாக்காரர்

சாபின் துலியா பதினான்கு வருஷம் கால்பந்து விளையாடி மொத்தம் மூன்று கோல் போட்டார். இரண்டு எதிரணியின் வலையில். மூன்றாவதைத்தான் மலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் யாரும் மறக்கவில்லை.

ப்ராத்னா நிலக்கரிச் சுரங்க ஊர். சாபினின் அப்பா சுரங்கத்தில், இரண்டு அண்ணன்மாரும் சுரங்கத்தில். சாபினும் பதினெட்டு வயதில் அங்கேயே மின்பணிமனையில் சேர்ந்தார். ஆனால் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே மைதானத்துக்குப் போய்விடலாம். அவர் சுரங்க அணியின் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர். குள்ளம், வளைந்த கால்கள், வேகம் சுத்தமாகக் கிடையாது. ஆனால் ஒருவனை ஒட்டிக்கொண்டால் விடமாட்டார். ஒரு முன்வரிசை ஆட்டக்காரன் ஆட்டத்தின் நடுவே நின்று, "யோவ், என் பொண்டாட்டிகூட இவ்ளோ நேரம் எம்பக்கத்துல நின்னதில்ல. கொஞ்சம் தள்ளுய்யா" என்று கெஞ்சியிருக்கிறான்.

எண்பத்துமூன்றாம் வருஷம் ஜூன் மாதம், மூன்றாம் பிரிவின் கடைசி ஆட்டம். மலைக்கு அந்தப்பக்கத்து மர ஆலை ஊரான ஒகாஷா, ப்ராத்னாவுக்கு வந்திருந்தது. சமன் செய்தாலே போதும், ப்ராத்னா இரண்டாம் பிரிவுக்கு ஏறிவிடும். ஒகாஷாவோ ஜெயித்தால்தான் கீழே விழாமல் தப்பும். சுரங்கத்தின் பேண்டு வாத்தியக் குழு பித்தளை பளபளக்க வந்து உட்கார்ந்திருந்தது. எண்பத்தெட்டாவது நிமிஷம்வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது ஒரு பந்து உயரமாக வந்தது. சாபினைச் சுற்றி ஒருவரும் இல்லை. கோல்கீப்பர் யோசிஃப், "எனக்கு!" என்று கத்தினார். சாபின் துள்ளி, பந்தைத் தலையால் பின்பக்கம் தட்டினார். யோசிஃப் அதற்குள் முன்னால் ஓடி வந்துவிட்டிருந்தார். பந்து அவர் தலைக்கு மேலே மெதுவாக வளைந்து வலைக்குள் போய் உட்கார்ந்தது. சாபின் வாழ்க்கையிலேயே தலையால் அவ்வளவு அழகாக அடித்தது அந்த ஒருமுறைதான். மைதானமே ஊமையாகிவிட்டது. கோல் விழுந்தால் முழக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்த டிரம்காரர் மட்டும் பழக்கதோஷத்தில் ஒரு அடி அடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் நிறுத்தினார்.

மறுநாள் ரொட்டி வரிசையில் கடைக்காரம்மா கேட்டாள்: "சாபின், முன்னாடி வந்து வாங்கிக்கிறியா, இல்ல தலையால பின்னாடி தட்டி விடட்டுமா?" வரிசை குலுங்கிச் சிரித்தது. சாபின் இரண்டு வாரம் சந்து வழியாகவே வேலைக்குப் போனார். யோசிஃப் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

சாபினின் மனைவி வெத்தூரியா பெண்களுக்கு முடி திருத்துகிறவள். ஊர்ப்பேச்சு முழுக்க அவள் நாற்காலியில்தான் வந்து உட்காரும். அவளே முந்திக்கொண்டாள். "தலைய ஆட்டாதீங்க அக்கா. எங்க வீட்டுக்காரர் ஒருதடவை ஆட்டினதுக்கே ஊர் தாங்கல" என்று வருகிற எல்லோரிடமும் சொன்னாள். ஒரு மாதத்தில் கேலிக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது.

அந்த அக்டோபரில் ஒகாஷாவின் மர லாரி ஒன்று சாபின் வீட்டு வாசலில் நின்றது. டிரைவர் பெரிய கண்ணாடிக் குடுவை நிறைய பிளம் சாராயத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். குடுவையின் கழுத்தில் ஒரு சீட்டு: 'எங்கள் தலைசிறந்த கோல் வீரருக்கு, ஒகாஷா மக்கள்.' சாபின் குடுவையை உடைக்கத் தூக்கினார்.

"வை கீழ!" என்றாள் வெத்தூரியா. "சாராயம் உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வீட்டுல ஞானஸ்நானம். வெறுங்கையோட போவியா?"

அதற்கப்புறம் வருஷம் தவறாமல் அக்டோபரில் லாரி வந்தது. சாபின் வருஷம் தவறாமல் திட்டினார். குடித்தார்.

முப்பத்திரண்டு வயதில் முழங்கால் ஒத்துழைக்காமல் ஆட்டத்தை விட்டார். தொண்ணூற்றேழில் சுரங்கத்தில் ஆட்குறைப்பு வந்தபோது அந்த வேலையையும் விட்டார். மாவட்டத் தலைநகரில் பயிற்சியாளர் படிப்பு படித்துத் தேறிவந்தார். ப்ராத்னா கிளப்பில் போய்க் கேட்டதற்கு "பார்க்கலாம்" என்றார்கள். இரண்டு வருஷமும் அதையேதான் சொன்னார்கள். வீட்டில் அவர் சாப்பாட்டு மேஜையில் குடமிளகாய்களை அணிவகுத்து நிறுத்தி, எவன் எங்கே ஓட வேண்டும் என்று தனக்குத்தானே கத்திக்கொண்டிருந்தார்.

"அந்தச் சென்டர் ஃபார்வர்டை இப்படிக் குடு, சூப்புல போடணும்" என்று வெத்தூரியா கை நீட்டுவாள்.

தொண்ணூற்றொன்பது வசந்தத்தில் ஒகாஷாவிலிருந்து ஒருவர் வந்தார். சிவந்த முகம், பெரிய வயிறு. கசாப்புக்கடை பம்ஃபில், ஒகாஷா கிளப்பின் தலைவர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "வாத்தியாரே, எங்க டீமுக்கு நீங்க பயிற்சி குடுக்கணும்" என்றார்.

சாபினுக்கு முகம் சுருங்கியது. "கேலி பண்ண வந்தீங்களா?"

"கேலி பதினாறு வருஷமா பண்ணியாச்சு, போதும். டீம் இப்ப மாவட்ட லீக்ல கடைசி இடத்துல கெடக்கு. வேற எவனும் வரமாட்டேங்கிறான்."

"அப்ப நான் எத்தனாவது ஆளு?"

பம்ஃபில் தலையைச் சொறிந்தார். "ஆறாவது. அஞ்சு பேரு முடியாதுன்னுட்டாங்க."

இந்தப் பதில் சாபினுக்குப் பிடித்துவிட்டது. தேன் தடவிப் பேசியிருந்தால் எழுந்து போயிருப்பார். வெத்தூரியா அடுப்பங்கரையிலிருந்தே, "வீடு குடுப்பீங்களா? குளிருக்கு விறகு?" என்று கேட்டாள். பம்ஃபில் இரண்டுக்கும் தலையாட்டினார். "அப்பப்ப கறியும் உண்டு, தங்கச்சி" என்றார்.

ஒகாஷா அணியில் ஆறு மரவெட்டிகள், ஒரு தபால்காரர், இரண்டு லாரி டிரைவர்கள். இடப்பக்கம் பறக்கிறவர் ஊர்ப் பாதிரியார் இலாரியோன். தாடியை பனியனுக்குள் செருகிக்கொண்டு ஓடுவார், பிடிக்க முடியாது. சிக்கல் என்னவென்றால் ஆட்டம் ஞாயிறு பதினொரு மணிக்கு.

"சாமி, இன்னிக்குப் பூசைய கொஞ்சம் வேகமாப் பாடுங்க" என்று சாபின் கோயில் வாசலில் போய் நின்றார்.

"வேகமாத்தான் பாடறேன் வாத்தியாரே. பாடகர் குழுதான் இழுக்குது. பந்தை ரெண்டாவது பாதி வரைக்கும் வலதுபக்கமே வச்சிருங்க."

முதல் ஆட்டத்தில் ஏழுக்கு ஒன்று என்று தோற்றார்கள். ஏழு கோலும் கோல்கீப்பர் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றதால் வந்தவை. கோல்கீப்பருக்குப் பயிற்சி கொடுக்க சாபினுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மலையைத் தாண்டி ப்ராத்னாவுக்குப் போய், யோசிஃபின் கதவைத் தட்டினார்.

யோசிஃப் கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நான் 'எனக்கு'ன்னு கத்தினேனா இல்லியா?" என்றார். பதினாறு வருஷத்தில் பேசிய முதல் பேச்சு.

"கத்தின."

"கத்திட்டு முன்னாடி வந்துட்டேன்."

"வந்துட்ட."

"அப்ப என் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு. முப்பது சதவீதம்."

"நாப்பது."

"முப்பத்தஞ்சு."

"நாப்பதுடா, யோசிஃப்."

யோசிஃப் பெருமூச்சு விட்டார். "சரி, நாப்பது. உள்ள வா, சூப்பு ஆறுது." சாபின் வாசற்படியைத் தாண்டும்போது கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டார். அன்று அந்த வீட்டில் வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.

இரண்டு பேருமாக அந்த அணியை மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தார்கள். ஒருமுறை, கோட்டு நடுவரிடம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மரியாதையாக நீட்டியதற்காக சாபினுக்கு மூன்று ஆட்டம் தடை விழுந்தது. மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது. வேலிக்கு வெளியே, மைதானத்தை ஒட்டிய வீட்டு சவேத்தாம்மாவின் அக்ரூட் மரம் இருந்தது. சாபின் அதில் ஏறி உட்கார்ந்து, "தபாலு! எடதுபக்கம் போடுடா! சாமி சும்மா நிக்கிறாரு பாரு!" என்று கத்தினார். நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மரத்தடிக்கு வந்தார்.

"இறங்குங்க."

"மரம் வெளியில இருக்கு. விதிப் புத்தகத்துல மரத்தப் பத்தி என்ன போட்டிருக்கு?"

நடுவர் யோசித்தார். மரத்தைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை. சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஜனம் கைதட்டியது. ஆனால் சவேத்தாம்மா கழியோடு வந்துவிட்டாள். "நீங்க ஜெயிக்கறதுக்கு என் மரந்தான் கெடச்சுதா? காயெல்லாம் உதிருது பாரு!" இடைவேளையில் தடைபெற்ற பயிற்சியாளர் ஒரு கூடை நிறைய அக்ரூட் பொறுக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்ப மரத்தில் ஏறினார். ஒகாஷா இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது.

ஐந்தாவது வருஷம் ஒகாஷா மாவட்ட லீக்கை வென்று மறுபடி மூன்றாம் பிரிவுக்கு ஏறியது. அதே கோடையில் ப்ராத்னா கிளப்பிலிருந்தும் அழைப்பு வந்தது: வந்துவிடுங்கள், நம்ம ஊர் ஆளில்லையா. சாபின் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறந்த ஊர் கூப்பிடுகிறது. மூன்றாம் நாள் வெத்தூரியாவைக் கேட்டார்.

"நீ போ. நான் இங்க மூணு கல்யாணப் பொண்ணுங்களுக்கு முடி போட்டுவிடறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள் அவள். பிறகு சீப்பை வைத்துவிட்டு, "உனக்கு அங்க போகணும்னு ஆசையா, இல்ல அவங்க கூப்பிட்டதே போதுமா?" என்று கேட்டாள்.

சாபின் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். கூப்பிட்டதே போதும் என்றுதான் இருந்தது. மறுநாள் ப்ராத்னாவுக்குப் போன் செய்து, நன்றி சொல்லி, முடியாது என்றார். சொல்லி முடித்ததும் நல்ல பசி எடுத்தது. பன்றிக்கறியும் மக்காச்சோளக் களியுமாக இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மூன்றாம் பிரிவில் முதல் ஆட்டம் தொலைதூர ஊரில். பாதி வழியில் பஸ் நின்றுவிட, மர லாரி ஒன்றின் பின்னால் ஏறி, மரத்தூளோடு போய் இறங்கினார்கள். ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். திரும்பும் வழியில் நெடுஞ்சாலையோரம், இறைச்சி உருண்டைகள் சுடும் கடையில், அதற்குள் சரியாகியிருந்த பஸ்ஸை நிறுத்தினார்கள். கடைக்காரர் புகையை விசிறிக்கொண்டே, "ஆட்டம் எப்படி முடிஞ்சுது?" என்று கேட்டார்.

"அஞ்சு, பூஜ்யம்" என்றார் சாபின்.

"அடேங்கப்பா! பிரமாதம்! எல்லாருக்கும் ஒரு பீர் என் கணக்கு!"

யோசிஃப் கூரையைப் பார்த்தார். எல்லோர் கண்ணும் பாதிரியார் பக்கம் திரும்பியது. இலாரியோன் தாடியில் ஒட்டியிருந்த கடுகுச் சாந்தை நிதானமாகத் துடைத்தார்.

"யாருக்கு அஞ்சுன்னு அவர் கேக்கலியே" என்றார். தன் பீர் கோப்பையை எடுத்துக்கொண்டார்.