கொட்டாஞ்சேனைக் கள்ளி

எனக்குப் பத்து வயது நிரம்பிய அன்று காலை, கொட்டாஞ்சேனைக்காரி ஒருத்தி என்னைப் பகற்கொள்ளை அடித்தாள். நாடே அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது வானொலியில் காலையில் ஐந்து நிமிட நிகழ்ச்சி ஒன்று வரும். இதே திகதியில் இசையுலகில் என்னென்ன நடந்தன என்று அறிவிப்பாளர் வாசிப்பார். லண்டனில் ஒரு குழு பிரிந்தது, பம்பாயில் ஒரு பாடகி பிறந்தார், அமெரிக்காவில் எவனோ மேடையிலேயே கிதாரை உடைத்தான். நேயர்களும் எழுதி அனுப்பலாம். கொழும்பு வெள்ளவத்தையில் என் வகுப்பில் பாதிப் பேருடைய பெயர் அதில் வந்துவிட்டது. என் பிறந்தநாளன்று என் பெயர் வந்தே தீரவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

எழுதுவதற்கு விஷயம் வேண்டுமே! சின்ன மாமாதான் கைகொடுத்தார். அம்மாவின் தம்பி அவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு மாதமாக எங்கள் பின்னறையில் இருந்தார். கடற்கரைக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். கேற் திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். சரியான சோம்பேறி என்பது என் முடிவு.

ஊரில் அவர் ஒரு பொப் இசைக்குழுவில் பொங்கோ மேளம் தட்டியவர். நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, இதே திகதியில், ஒரு கலியாண வீட்டில் அவர்கள் பாடிக்கொண்டிருந்தபோது ஜெனரேற்றர் நின்றுவிட்டதாம். மைக் செத்துப்போனது. ஆனால் பந்தலில் இருந்த சனம் முழுவதும் கைதட்டித் தாளம் போட, பாட்டு நிற்காமல் கடைசிவரை போனதாம்.

“இதுவும் சரித்திரம்தானே மாமா?”

“பின்னை என்ன? லண்டனில நடந்தால்தான் சரித்திரமோ?” என்றார்.

தபாலட்டையில் குண்டு குண்டாக எழுதினேன். அடியில், சேர்ந்து கேட்பவர்களின் பட்டியல். அது இல்லாவிட்டால் அது நேயர் கடிதமே இல்லை. அப்பா, அம்மா, நான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் சின்ன மாமா. முழுப்பெயர், வீட்டிலக்கம், ஒழுங்கை எல்லாம் போட்டு, தபாலில் சேர்க்கும்படி அம்மாவிடம் கொடுத்தேன்.

பிறந்தநாள் காலை, புதுச்சட்டையோடு ரேடியோவுக்கு முன்னால் குந்தினேன். கலியாண வீடு வந்தது. ஜெனரேற்றர் நின்றது. சனம் தாளம் போட்டது. சொல்லுக்குச் சொல் என்னுடையது. “இந்தச் சுவையான தகவலை எழுதியிருப்பவர், கொட்டாஞ்சேனையிலிருந்து செல்வி புஷ்பராணி” என்றார் அறிவிப்பாளர்.

“ஆர் அவள்?” என்று கத்தினேன். “கள்ளி! அது எங்கட மாமான்ர கதை!”

அம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினார். “மேல்வீட்டுக்குக் கேக்கப்போகுது. சத்தம் போடாதை!”

“கேக்கட்டும்!”

பளாரென்று அறை விழுந்தது. பிறந்தநாளும் அதுவுமாக அறை! அநியாயம் செய்தவள் கொட்டாஞ்சேனையில், அடி எனக்கு. மாமாவாவது எனக்காக ஒரு சொல் கதைப்பார் என்று திரும்பினால், அந்த மனிசன் கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். “வடிவா வாசிச்சான், அக்கா” என்றார். எனக்கு அவர்மேலும் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த கிழமை அம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் என் தபாலட்டை கிடந்தது. மாமாவின் பெயர் இருந்த வரியைப் பேனையால் அடித்து அடித்து அட்டையே கிழிந்திருந்தது. கூடவே எழுதிப் பார்த்த ஒரு தாளில், அம்மாவின் கையெழுத்தில், என் கதை முழுவதும். கீழே புஷ்பராணி, கொட்டாஞ்சேனை. ஆக, கள்ளி எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்! இரண்டு நாள் நான் அம்மாவோடு கதைக்கவில்லை.

அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. கூடப்பிறந்தவனின் பெயரை ஒருத்தி தன் கையாலேயே அடிக்கும்படி வைத்தவர்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அட்டையை அடுப்பில் போட்டிருந்தால் அம்மாவுக்கு வேலை மிச்சம். அதைச் செய்யாமல், தம்பியின் பாட்டை அவன் ஒருமுறை கேட்கட்டும் என்று, இல்லாத ஒருத்தியை உண்டாக்கியிருக்கிறார்.

வீட்டில் தங்கியிருப்போரின் பெயர்களைப் பொலிசுக்கு எழுதிக் கொடுக்கவேண்டிய காலம் அது. எழுதிக் கொடுத்த சில வீடுகளில், விசாரணைக்குப் போன யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. இதொன்றும் எனக்குத் தெரியாது. அம்மா பொலிசுக்குக் கொடுத்த தாளில் எங்கள் வீட்டில் மூன்று பேர். என் அட்டையில் நான்கு பேர்.