நான்கு மணி மழையும் நான்கு ஊக்குகளும்

வெயிலில் கொதித்துக் கிடந்த தார் ரோட்டில் முதல் தூறல் விழும்போது கிளம்பும் அந்தச் சூடான வாடை இன்றும் மூக்கில் ஏறினால் என் கை தானாகத் தலையிலுள்ள கொண்டை ஊசிகளைத் தேடுகிறது.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஓடிப் பழகியவர்கள் நாங்கள். பிப்ரவரியில் தார் சுட்டு வெறுங்கால் கொப்புளிக்கும். அக்டோபர் வந்துவிட்டாலோ, காலையில் பளிச்சென்றிருக்கும் வானம், பள்ளி விட்டு நாங்கள் "பாடாங்" என்கிற திடலில் வந்து நிற்கும் நேரம் பார்த்துச் சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் கறுத்து, நான்கு மணிக்கெல்லாம் இடியோடு கொட்டும். அந்தப் பாழாய்ப்போன நான்கு மணிக்குத்தான் மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கும் நெடுந்தூர ஓட்டத்தை வைப்பார்கள். எந்த மகராசன் போட்ட அட்டவணையோ!

எனக்குப் பதினான்கு வயது. செமோர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பல வருடம் பால் மரம் வெட்டிவிட்டு, பிறகு டவுனுக்கு வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்த அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "மொத அஞ்சு பேருல வரலன்னா ஓட்டத்த வுட்ரணும், ஆமா." அவருக்கு மின்னல் என்றால் உயிர்ப் பயம். தோட்டத்தில் இடி இடித்தால் வெட்டுக்கத்தியையும் வாளியையும் தூர எறிந்துவிட்டு ஓடுவார்களாம். இரும்பு இடியை இழுக்கும் என்று நம்பினார்கள். டவுனிலும் அம்மா அதை விடவில்லை. முதல் முழக்கத்திலேயே என் கொண்டை ஊசிகள் கழன்று ஜன்னலோரம் போய்விடும்.

அன்று பாதித் தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோர மண் சேறாகிக் காலை இழுக்க, நான்காவதாக ஓடிக்கொண்டிருந்தேன். திடீரென்று தலைக்கு மேலேயே ஓர் இடி. யோசிக்கவேயில்லை, நெஞ்சில் எண் துணியைப் பிடித்திருந்த நான்கு ஊக்குகளையும் துணியோடு பிய்த்துச் சாக்கடைப் பக்கம் வீசிவிட்டு ஓடினேன். நான்காவதாகவே வந்தும் சேர்ந்தேன்.

எல்லைக்கோட்டருகே குடைக்குள் பெயர் எழுதிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்பர் எங்க பிள்ளை? நம்பர் இல்லாமல் நான் எப்படி எழுதுறது?" பின்னால் வந்தவர்களின் பெயர்கள் ஏறின.

கம்பி இருக்கிறதென்று குடையும் பிடிக்காமல், பிளாஸ்டிக் விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைத் தேடி வந்தார் அம்மா. அழுதுகொண்டே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் சொல்லித்தானே எறிஞ்ச" என்றவர், விரிப்பை என்மேல் போட்டுவிட்டு, இடி ஓயாத அந்த ரோட்டில் தனியாக நடந்து போனார். மின்னல் வெட்டும்போதெல்லாம் நான் அம்மா திரும்பி வர வேண்டுமே என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஓட்டமெல்லாம் மறந்தே போயிற்று.

நனைந்து ஊறித் திரும்பியவரின் மூடிய கைக்குள் என் எண் இருந்தது. நான்கு ஊக்குகளோடும். டீச்சருக்கும் முகம் வாடிவிட்டது. ஆனால் பட்டியல் போயாகிவிட்டது.

ஓட்டத்தை விடச் சொல்லி அம்மா அப்புறம் வாயே திறக்கவில்லை. மறு அக்டோபரில் ஊசி நூலோடு பாடாங்குக்கே வந்து, எண் துணியை என் சட்டையோடு தைத்து, நெஞ்சருகே குனிந்து நூலைப் பல்லால் கடித்தார். "இப்ப எறிய முடியாதுலா. ஓடு." மூன்றாவதாக வந்தேன்.

இப்போது ஈப்போவில் விடியுமுன்னே ஓடி முடித்துவிடுகிறார்கள். மழை வருமா என்று கைப்பேசி சொல்லிவிடுகிறது. அந்தத் தோட்டம் வரிசை வீடுகளாகிவிட்டது. அம்மாவும் இல்லை. முதியோர் ஓட்டங்களுக்குப் பேர் கொடுத்தால் எண்ணோடு நான்கு ஊக்குகள் தருகிறார்கள். அவற்றை மேசையிலேயே வைத்துவிட்டு, சட்டையை மடியில் போட்டு நானே தைத்துக்கொள்கிறேன். கடைசியில் நூலைக் கடிக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் ஆகிறது.