நுரைமூலையிலிருந்து நடந்தது

பெருங்காயம் போட்டு மீனுக்கு இரையாகப் பிசைந்த தவிட்டு உருண்டையின் வாடை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உடுத்திய பாவாடையை விட்டுப் புதன்கிழமை வரை போகாது. வலங்கைமான் பக்கம் குடமுருட்டி மதகுக்குக் கீழே இருந்த கருங்கல் சுவரில், அப்பாவை ஒட்டி உட்கார்ந்து நான் தூண்டில் போட்ட வருஷம் அது. ஏழாம் வகுப்பு, புரட்டாசி மாதம். காலாண்டுத் தேர்வுக்குப் படிக்காமல் ஆற்றுக்குப் போகிறேன் என்று அம்மா திட்டியது நினைவிருப்பதால் மாதத்தில் எனக்குச் சந்தேகமில்லை.

மதகை எங்கள் பக்கம் "சட்ரஸ்" என்பார்கள். அதைத் தாண்டி விழும் தண்ணீரில் மீன் கூடும், மீனைத் தேடி ஆட்கள் கூடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோளோடு தோள் இடிக்கப் பதினைந்து பேராவது இருப்பார்கள். அத்தனை நெருக்கத்திலும் சண்டை வராததற்குக் காரணம், யாரும் எழுதி வைக்காத சில ஒழுங்குகள். ஒருவர் டப்பா வைத்துவிட்டுப் போன இடத்தில் இன்னொருவர் உட்காருவதில்லை. நாங்கள் ஆராதனை முடிந்து வரும்வரை அப்பாவின் பிஸ்கட் டப்பா அங்கே தனியாக அமர்ந்திருக்கும். எத்தனை கிடைத்தது என்று கேட்கக் கூடாது. எல்லாவற்றிலும் பெரியது "வழி".

அன்று யாரிடமும் ரீல் கிடையாது. மூங்கில் கழி, அதன் நுனியில் கட்டிய நரம்பு, அவ்வளவுதான். பெரிய மீன் மாட்டினால் நரம்பை விட்டுக்கொடுக்க முடியாது, மீன் போகிற பக்கம் கழியோடு ஆளும் நடந்தாக வேண்டும். ஆகவே மாட்டியவர் "வழி!" என்று கத்தியதும் மற்ற எல்லோரும் தங்கள் தூண்டிலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள், அவர் கழியை அந்தத் தலைகளுக்கு மேல் நீட்டிப் பிடித்தபடி அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பார். மீன் இல்லாமல் வழி கேட்டவருக்குத் தண்டனை, சட்ரஸை ஒட்டிய "நுரைமூலை". நுரையும் வைக்கோலும் சுழலும் அந்த இடத்தில் தக்கையே கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்தும் ஒருமுறை பொய்யாகக் கேட்டால், அந்த வருஷம் முழுக்கக் குடும்பத்துக்கே சுவரில் இடமில்லை.

புரட்டாசி முதல் ஞாயிறன்று நான் வழி கேட்டேன். பதினைந்து கழிகள் எழுந்தன, தலைகள் குனிந்தன. நான் பத்தடி நடந்து கரையேற்றியது ஒரு பழைய புடவை.

சுவரின் நடுவிடத்தில் வெகுகாலமாக உட்கார்ந்து வந்த சைக்கிள் கடை கோவிந்தராசு மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "நல்ல பார்டரு பாப்பா! அலசி அம்மாகிட்ட குடு!"

அப்பா டப்பாவைத் தூக்கிக்கொண்டு நுரைமூலைக்கு நடந்தார்.

அடுத்த ஞாயிறு, வெயில் ஏறிய நேரத்தில், என் கழி சட்டென்று வளைந்தது.

"மீன்தானா எஸ்தரு?" என்றார் அப்பா.

"தெரியலப்பா."

"தெரியலன்னா கத்தாத."

நரம்பையே பார்த்தேன். போன வாரப் புடவை தண்ணீரோடு போனது. இதுவோ தண்ணீரை எதிர்த்துச் சட்ரஸை நோக்கிப் போனது. துணி எதிர்நீச்சல் போடாது. மூச்சை இழுத்துக் கத்தினேன்: "வழி!"

ஒரு கழிகூட எழவில்லை.

"இன்னைக்கு ஜாக்கெட்டா பாப்பா?" என்றார் கோவிந்தராசு மாமா. சுவரே சிரித்தது.

மீன் திரும்பி, சுவரை ஒட்டிக் கீழ்நோக்கி ஓடத் தொடங்கியது. இன்னும் நாலு அடி போனால் அடுத்தவர் நரம்பில் சிக்கி அறுந்துவிடும்.

"மாமா, மீனு மாமா! எடுங்க!"

"போன வாரமும் மீனுன்னுதானே சொன்ன?"

அப்பா எழுந்து நின்றார். "அவ கேக்குறால்ல, எடுங்கய்யா! பொய்யின்னா இந்த வருஷம் நாங்க யாரும் இந்தப் பக்கமே வரல."

முதல் கழி தயங்கித் தயங்கி எழுந்தது. பிறகு இரண்டாவது. அந்த நேரத்தில் நடுவிடத்துக்கும் தெரியும்படி செவ்வால் ஒன்று தண்ணீரை அறைந்துவிட்டு உள்ளே போனது.

"யாத்தாடி, ரோகு! எல்லாரும் எடுங்கடா!" என்று அலறியவர் கோவிந்தராசு மாமாதான். அவர் தலைதான் எல்லோருக்கும் முன்னால் குனிந்தது.

நான் நடந்தேன். போலீஸ்காரர், சலூன்காரர், எங்கள் கணக்கு வாத்தியார் என்று ஊரில் நான் ஒதுங்கி வழிவிட்ட தலைகள் எல்லாம் வரிசையாகக் குனிந்திருக்க, சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை என் கழி அவற்றின் மேல் போயிற்று. படித்துறையில் யாரோ துண்டை விரித்துக்கொடுக்க, மீனைக் கரையேற்றினேன். தராசு இல்லாததால் எடை குறிக்க முடியவில்லை. நீளம், என் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை.

வழி கேட்டு மீனோடு கரையேறியவர் தனக்கு வேண்டிய இடத்தைக் கேட்டு வாங்கலாம் என்பதும் அங்கே ஒழுங்கு. நான் யோசிக்கவே இல்லை. "நடுவுல," என்றேன்.

கோவிந்தராசு மாமா தன் டப்பாவை எடுத்துக்கொண்டார். "நான் ஒக்காந்து ஒக்காந்து வழவழன்னு ஆன கல்லும்மா. வழுக்கி வுழுந்துராத."

அந்தச் சுவர் இன்று கான்கிரீட். நுரைமூலையைச் சரிவாகக் கட்டி மூடிவிட்டார்கள். ரீல் வந்தபின் யாரும் மீனோடு நடப்பதில்லை, ஆகவே "வழி" என்ற கத்தலும் ஒருவருக்காகப் பதினைந்து தலைகள் குனிவதும் போய்விட்டன. கூட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சென்ற புரட்டாசியில் நான் போனபோது நடுவிடத்தில் ஓர் இளைஞர் புது ரீலோடு உட்கார்ந்திருந்தார். "அக்கா, அந்தாண்ட எடம் இருக்கு, போங்க," என்றார். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த கோவிந்தராசு மாமா செருமினார்.

"எந்திரி தம்பி. அது நுரைமூலையிலேருந்து நடந்து வாங்கின எடம்."

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எழுந்துகொண்டார்.